‘மெர்ஜ் பண்ணிவிடுங்க சார்’

சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் தென்காசிப் பக்கமும் பேருந்தேறிப் பொறியியல் படிக்கப் போகிற பிள்ளைகள், மூன்றாம் ஆண்டு வந்ததும் ஒரு கணக்குப் போட ஆரம்பிக்கிறார்கள். எத்தனை பி.ஆர். அனுப்பினோம், அதில் எத்தனை மெர்ஜ் ஆனது. வேலைவாய்ப்புப் பயிற்சி கொடுப்பவர்கள் கற்றுக்கொடுத்த கணக்கு இது. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில், பங்களிப்பைக் காட்டும் பச்சைக் கட்டங்கள் தங்கள் பக்கத்தில் நிறைந்திருந்தால் நேர்முகத்தில் மதிப்பு கூடும் என்று சொல்லி அனுப்புகிறார்கள். தென்காசி அருகே மத்தளம்பாறையில் சோகோ மென்பொருள் நிறுவனம் வந்த பிறகு, சொந்த மாவட்டத்திலேயே கணினி வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இங்கே வீட்டுக்கு வீடு வந்திருக்கிறது. அந்த நம்பிக்கையின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கணக்கும் உள்ளே வந்துவிட்டது.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். திறமூல மென்பொருளின் நிரல் யாரும் எடுத்துப் படிக்கும்படி பொதுவில் இருக்கும். அதில் ஒரு பிழையைத் திருத்தினாலோ புதிதாக ஒரு வசதியைச் சேர்த்தாலோ, இந்த மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்தத் திட்டத்தைப் பராமரிப்பவர்களுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பம்தான் புல் ரிக்வெஸ்ட். பிள்ளைகள் வாயில் பி.ஆர். பராமரிப்பவர் அதை வரிவரியாகப் படித்து, சந்தேகம் கேட்டு, திருத்தச் சொல்லி, மனம் ஒப்பினால் மூல நிரலோடு சேர்ப்பார். படிப்பது ரிவியூ. சேர்ப்பது மெர்ஜ்.

இந்த வேலையைப் பற்றி ஒரு கருத்து நம் கல்லூரிகளிலும் பயிற்சிப் பட்டறைகளிலும் கேள்வியே இல்லாமல் நடமாடுகிறது. திறந்த திட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டால் வந்ததை ஏற்றுக்கொள்ள வேண்டும். கூலி கேட்காமல் வருகிற உழைப்பை வேண்டாம் என்பது திமிர். சின்ன ஊரிலிருந்து, தட்டுத்தடுமாறுகிற ஆங்கிலத்தில், ஒரு பிள்ளை முதன்முதலாக ஏதோ அனுப்பினால் அதில் நொட்டை சொல்லிக்கொண்டிருக்காமல் உடனே மெர்ஜ் செய்வதுதான் ஊக்கம். நாலு தடவை திருப்பி அனுப்புகிறவர் வாசலில் தடியோடு நிற்கிற காவலாளி.

இதைச் சொல்பவர்களில் பலர் நல்ல மனம் படைத்தவர்கள், மாணவர்கள் மேலேறி வரவேண்டும் என்று உழைக்கிறவர்கள். ஆனாலும் இந்தக் கருத்து தவறு. அந்தப் பிள்ளைக்கு ஒரு திறமூலத் திட்டம் கொடுக்கக்கூடிய ஆகப்பெரிய விஷயம் ரிவியூதான் என்பது என் கட்சி. அதைத் தாண்டிக் குதித்து மெர்ஜை மட்டும் கையில் கொடுப்பவர், அந்தப் பிள்ளைக்குச் சேரவேண்டியதைத் தராமல் அனுப்புகிறார்.

ஒன்றைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். ஊர்ப்பெயர்களைத் தேடவும் ஒப்பிடவும் உதவும் சிறிய தமிழ் நிரல் தொகுப்பு ஒன்றை நானும் சில நண்பர்களும் பராமரித்து வருகிறோம். இரண்டு ஊர்ப்பெயர்கள் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்லும் வசதியை எழுதி எங்கள் சங்கரன்கோவில் மாணவி ஒருவர் அனுப்பினார். பத்து வரி இருக்கும். மதுரை, தென்காசி, புளியங்குடி என்று போட்டுச் சோதித்தும் இருந்தார். எல்லாமே சரியாக வந்தன. ‘நல்லா வேலை செய்யுது, மெர்ஜ் பண்ணிவிடுங்க சார்’ என்று கீழே ஒரு குறிப்பு.

ரிவியூவில் கேட்டது ஒன்றுதான்: சங்கரன்கோவில் என்று போட்டுப் பார்த்தீர்களா?

அந்தப் பெயரில் ‘கோ’ இருக்கிறது. கணினிக்குள் அதை இரண்டு விதமாகப் பதியலாம். க-வோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. க, இரட்டைக் கொம்பு, துணைக்கால் என்று பிரித்துப் பதிவது இன்னொன்று. திரையில் இரண்டுக்கும் நூலளவு வித்தியாசம் தெரியாது. கண்ணுக்கு எட்டே எழுத்து. உள்ளே எண்ணிப் பார்த்தால் முதல் விதத்தில் 13 குறியீடுகள், இரண்டாவதில் 14. பழைய கோப்பிலிருந்து எழுத்துரு மாற்றி எடுத்த பட்டியலில் ஒரு விதமும் கைபேசியில் தட்டிய பட்டியலில் வேறு விதமும் இருந்துவிட்டால், மாணவி எழுதிய நிரல் ஒரே ஊரை இரண்டு ஊர் என்று சொல்லிவிடும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர யூனிகோடு வழி வைத்திருக்கிறது. ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்து அனுப்பினார்.

ரிவியூவில் அடுத்து வந்தது ‘கௌரி’ போன்ற பெயர்கள். பலர் கெ-வுக்குப் பக்கத்தில் ள-வைத் தட்டி ‘கெளரி’ என்று எழுதிவிடுகிறார்கள். அச்சில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். முன்பு சேர்த்த அந்த ஒரு வரி இதைச் சரிசெய்யாது. ஏனென்றால் இது ஒரே எழுத்தின் இரண்டு பதிவுகள் இல்லை. ஔகாரக் குறி இருக்கவேண்டிய இடத்தில் வேறொரு எழுத்தே வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் நிரல் அதைத் திருத்தலாமா? ‘கெளுத்தி’ மீனிலும் கெ-வும் ள-வும்தானே அடுத்தடுத்து வருகின்றன, அதைக் கெடுத்துவிடாதா? மாணவி இங்கே ஒரு நாள் முழுக்க யோசித்ததாகப் பின்னால் சொன்னார். கடைசியில் எங்கள் ஊர்க்காரர்களே கோவில் என்றும் கோயில் என்றும் எழுதுகிறோமே, அது? அது நிரலின் வேலையே இல்லை, மாற்றுப்பெயர்ப் பட்டியலின் வேலை என்று அவரே பிரித்து எழுதினார். ஒவ்வொன்றுக்கும் சோதனை எழுதினார். சில வாரங்கள் ஆயின. பத்து வரி முப்பது வரியாகவில்லை. கிட்டத்தட்ட அதே அளவில்தான் நின்றது. ஆனால் அந்த வரிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று இப்போது யார் கேட்டாலும் அவரால் சொல்ல முடியும்.

முதல் நாளே மெர்ஜ் செய்திருந்தால் அவருக்கு அன்று சாயங்காலம் ஒரு பச்சைக் கட்டம் கிடைத்திருக்கும். தன் சொந்த ஊரின் பெயர் கணினிக்குள் இரண்டாகப் பிளந்து கிடக்கக்கூடும் என்பது தெரியாமலே படிப்பை முடித்திருப்பார். அந்த நிரலை யாரோ ஒரு செயலியில் எடுத்து வைப்பார்கள், ஒரே ஊர் இரண்டு வரியில் பதிவாகும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. இதில் ஊக்கம் எங்கே இருக்கிறது?

இனி அவர்களுடைய வாதங்களுக்கு வருகிறேன்.

திறந்தது என்றால் ஏற்கத்தான் வேண்டும் என்பது முதல் வாதம். திறமூல உரிமங்கள் எதுவும் அப்படிச் சொல்லவில்லை. ரிச்சர்டு ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட ஜி.பி.எல். உரிமம் தொடங்கி எதை எடுத்துப் பார்த்தாலும், கிடைக்கிற உரிமைகள் இவைதான்: இயக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதையும் மாற்றாததையும் பிறருக்குக் கொடுக்கலாம். என் மாற்றத்தை மூலத் திட்டம் ஏற்றே ஆகவேண்டும் என்ற உரிமை அதில் கிடையாது. வேண்டியதும் இல்லை. ஏற்காவிட்டால் நகலெடுத்துத் தனியே நடத்தலாம். ஓப்பன்ஆபீசிலிருந்து 2010இல் லிப்ரெஆபீஸ் பிரிந்தது அப்படித்தான். மைஎஸ்கியூஎல்லிலிருந்து மரியாடிபி பிரிந்ததும், 2024இல் ரெடிஸ் உரிமத்தை மாற்றியபோது வால்கீ பிறந்ததும் அப்படித்தான். அந்தச் சுதந்திரம்தான் திறந்த என்ற அடைமொழிக்கு உயிர். எஸ்கியூலைட் என்ற தரவுத்தள நிரல் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இருக்கிறது, நம் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. அதை எழுதியவர்கள் பொதுவுடைமையாகவே விட்டுவிட்டார்கள். யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். ஆனால் வெளியார் எழுதிய நிரலை அவர்கள் சேர்ப்பதில்லை. அதற்காக அது மூடிய மென்பொருள் ஆகிவிட்டதா?

இரண்டாவது வாதம், சும்மா வருகிற உழைப்பு என்பது. இதுதான் ஆகப்பெரிய மயக்கம். அனுப்புகிறவருக்கு வேண்டுமானால் அது அரைமணி நேர வேலை. வாங்குகிறவருக்கு அது படிக்கிற நேரம், ஓட்டிப் பார்க்கிற நேரம், பதில் எழுதுகிற நேரம், அப்புறம் அந்த வரிகள் உயிரோடு இருக்கிற காலம் முழுக்கப் பொறுப்பு. அனுப்பியவர் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விடுவார். மூன்று வருடம் கழித்து அந்த வரியில் பிழை வந்தால் ராத்திரி உட்கார்ந்து பார்ப்பவர் மெர்ஜ் பொத்தானை அழுத்தியவர்தான். எங்கள் ஊர் விசைத்தறியில் இறங்குகிற சேலையை, சும்மா கொடுத்தாலும்கூட, விரித்துப் பார்க்காமல் எந்த வியாபாரியும் தன் கடையில் அடுக்குவதில்லை. வாங்கிப் போகிறவர் திரும்பி வந்து நிற்கப்போவது அவர் கடை வாசலில்.

இந்த மயக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதை 2020 அக்டோபரில் உலகமே பார்த்தது. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்றொரு விழா நடத்திவந்தது. அந்த ஆண்டு அக்டோபர் மாதத்தில் நான்கு பி.ஆர். அனுப்பினால் ஒரு டி-ஷர்ட். இந்தியாவில் பெருங்கூட்டம் பார்க்கும் ஒரு யூடியூப் பாடத்தில், ஒரு திட்டத்தின் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒன்றிரண்டு சொற்களைச் சேர்த்து எப்படி பி.ஆர். அனுப்புவது என்று செய்து காட்டினார்கள். அதைப் பார்த்த மாணவர்கள் உலகெங்கும் உள்ள திட்டங்களின் முகப்பில் அருமையான திட்டம் என்பதுபோல ஒட்டி ஒட்டி அனுப்பித் தள்ளினார்கள். பராமரிப்பவர்கள் அந்த வாரம் முழுக்கக் குப்பை கூட்டினார்கள். அக்டோபர் மூன்றாம் தேதிக்குள் விதி மாறியது: விழாவில் சேர விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்பினால்தான் கணக்கு. 2024 பிப்ரவரியில் எக்ஸ்பிரஸ் என்ற புகழ்பெற்ற ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்துக்கு அதே கதி. மறுபடியும் ஒரு இந்திய யூடியூப் பாடம், மறுபடியும் ரீட்மீயில் தங்கள் பெயரைச் சேர்த்து அனுப்பும் மாணவர்கள்.

நான் அந்த மாணவர்களைக் குறை சொல்லமாட்டேன். சொல்லிக்கொடுத்ததைச் செய்தார்கள். எண்ணிக்கைதான் தகுதி, மெர்ஜ்தான் வெற்றி என்று சொல்லிக்கொடுத்தவர்களைத்தான் சொல்கிறேன். அதற்குப் பிறகு பல திட்டங்களில், பி.ஆரைத் திறந்து படிக்கும் முன்பே அனுப்பியவரின் பெயரைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. இந்தியப் பெயர் தெரிந்தால் ஒரு சலிப்பு. உண்மையிலேயே உழைத்து ஒரு திருத்தத்தை எழுதி அனுப்புகிற வாசுதேவநல்லூர்ப் பையனும் குருவிகுளத்துப் பெண்ணும் அந்தச் சலிப்புக்கு விலை கொடுக்கிறார்கள். சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்காகப் பேசுகிறோம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் படித்தவர்களுடையது. முதலில் சேர்த்துவிடுவோம், பிழை இருந்தால் ஆயிரம் கண்கள் பார்க்கின்றன, யாராவது கண்டுபிடிப்பார்கள். எரிக் ரேமண்ட் என்ற நிரலாளர் 1990களின் பிற்பகுதியில் லினக்ஸ் இயங்குதளத்தை வைத்து எழுதியதிலிருந்து கிளம்பிய நம்பிக்கை இது. கண்கள் இருப்பதும் கண்கள் பார்ப்பதும் ஒன்றல்ல. இதற்கு உலகம் கொடுத்த விலையின் பெயர் ஹார்ட்பிளீட்.

இணையத்தில் வங்கிக் கணக்கைத் திறக்கும்போது நடுவில் யாரும் ஒட்டுக்கேட்காதபடி காக்கிற வேலையை ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல நிரல் உலகின் ஏராளமான சர்வர்களில் செய்கிறது. அதற்கு ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த ஒருவர் ஒரு புது வசதியை எழுதி அனுப்பினார். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று ஒரு பக்கம் கேட்கும், மறுபக்கம் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான். கேட்கிறவர் தான் அனுப்பும் சொல்லின் நீளத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்ன நீளமும் வந்த சொல்லின் நீளமும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கும் வரி அதில் விட்டுப்போயிருந்தது. ஒரே ஒரு எழுத்தை அனுப்பிவிட்டு நீளம் 64 கிலோபைட் என்று பொய் சொன்னால், சர்வர் தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடப்பதை எல்லாம், அது கடவுச்சொல்லோ ரகசியச் சாவியோ, வழித்துக் கொடுத்துவிடும்.

எழுதியவர் கெட்டவர் இல்லை. திட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் படித்தும் பார்த்தார். அவர் கண்ணிலும் படவில்லை. 2011 டிசம்பர் 31 இரவு அது சேர்ந்தது. 2012 மார்ச்சில் வெளியானது. கூகுளின் நீல் மேத்தாவும் பின்லாந்தின் கோடனோமிகான் நிறுவனத்தாரும் தனித்தனியே கண்டுபிடித்து, 2014 ஏப்ரல் 7 அன்று வெளியே தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிரம் கண்கள் அந்த நிரலைத் தங்கள் சர்வர்களில் வைத்துக்கொண்டு இருந்தன. உலகப் பெருநிறுவனங்கள் எல்லாம் சாய்ந்து நின்ற அந்தத் திட்டத்துக்கு அப்போது ஆண்டுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை ஏறத்தாழ 2000 டாலர். அங்கே தட்டுப்பாடு நிரல் எழுதும் கைகளுக்கு இல்லை. உட்கார்ந்து இன்னொரு தடவை படிக்க ஆளுக்கும் அந்த ஆளுக்குக் கொடுக்கக் காசுக்கும்தான் தட்டுப்பாடு.

பத்து வருடம் கழித்து வந்தது இதைவிடக் கொடுமை. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலைப் பின்லாந்தின் லாசே காலின் ஏறக்குறைய தனியாளாகக் கவனித்துவந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் திருத்தங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். 2022இல் புதுப் புதுப் பெயர்களில் சிலர் வந்து நெருக்க ஆரம்பித்தார்கள். ஏன் இவ்வளவு தாமதம், அனுப்பியவற்றை ஏன் இன்னும் சேர்க்கவில்லை, உங்களால் முடியாவிட்டால் வேறு ஒருவரிடம் கொடுங்கள். அந்தப் பெயர்களில் ஒன்று ஜிகர் குமார். தான் மனநலச் சிக்கலில் இருப்பதையும், ஊதியமில்லாத வேலை இது என்பதையும் காலின் எழுதினார். நெருக்கடி நிற்கவில்லை. கடைசியில் ஜியா டானுக்குச் சேர்க்கும் உரிமை போய்ச் சேர்ந்தது. 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் சர்வர்களைத் திறந்துவிடும் கள்ளக் கதவு ஒன்று இருந்தது. அதைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற ஒரே மனிதர்; சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று உறுத்தி, விடாமல் தோண்டி, மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். கொஞ்சம் தாமதித்திருந்தால் அந்தப் பதிப்பு லினக்ஸ் சர்வர்கள் எங்கும் போய் உட்கார்ந்திருக்கும்.

அந்த நெருக்கடிக்காரர்கள் கையில் எடுத்த ஆயுதம் எது என்று கவனியுங்கள். சீக்கிரம் சேர், சேர்க்காதவன் சமூகத்துக்குத் துரோகி என்கிற அதே பேச்சு. நம் பட்டறைகளில் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுகிற அதே பேச்சு. நிதானமாகப் படிக்கிறவரைக் குற்றவாளி ஆக்குகிற பழக்கம் ஊரெங்கும் இருந்தால், திருடனுக்கு வேறு சாவி தேவையில்லை.

தமிழிலேயே இந்த விவாதம் ஒரு தடவை நடந்து முடிந்திருக்கிறது. நம்மவர்களுக்கு அது மறந்துபோனது எனக்கு ஆச்சரியம். நிரல் இல்லை, கட்டுரைகள். 2009-2010இல் கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, ஆங்கில விக்கிப்பீடியா கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட பல மொழி விக்கிப்பீடியாக்களில் ஏற்றியது. கட்டுரைகள் நீளநீளமாக வந்தன. எண்ணிக்கை ஏறுகிறதே, வருவதை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே என்று இருந்திருக்கலாம். தமிழ் விக்கிப்பீடியர்கள் உட்கார்ந்து படித்தார்கள். வாக்கியங்கள் எந்திரத்தனமாக இருந்தன. இல்லாத பக்கங்களுக்குச் சிவப்பு இணைப்புகள் மண்டிக் கிடந்தன. தமிழ் வாசகர் தேடாத தலைப்புகள் நிறைய. ஏற்றியவர்களிடம் பேச்சுப் பக்கத்தில் கேட்டால் பதில் வருவதில்லை. ஏற்றுவதை நிறுத்திவிட்டு முதலில் ஏற்றியவற்றைச் சரிசெய்யுங்கள் என்று கூகுளிடமே சொன்னார்கள். தலைப்புகளைத் தேர்ந்தெடுப்பதில் தங்களையும் கேட்கச் சொன்னார்கள். 2010இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் ரவிசங்கர் இந்த அனுபவத்தை ஆய்வுரையாகவே எடுத்துவைத்தார்.

சம்பளம் வாங்காத ஒரு சிறு கூட்டம், உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்று கொட்டிய பங்களிப்பை ரிவியூ செய்து, இது போதாது என்று சொன்னது. தமிழ் இணைய வரலாற்றில் நான் மிகவும் பெருமைப்படுகிற நிகழ்வு அது. அவர்களை யாராவது வாசற்காவலர்கள் என்பீர்களா? அன்று அவர்கள் காத்தது வாசகரின் மொழியை.

அந்த ரிவியூ இன்று இல்லாத இடம் எது தெரியுமா? திறமூலச் செயலிகளின் தமிழாக்கம். வெப்லேட் போன்ற தளங்களில் யார் வேண்டுமானாலும் போய்த் தமிழ்ச் சொற்களை நிரப்பலாம். திட்டத்தைப் பராமரிப்பவர் பிரேசிலிலோ ஜெர்மனியிலோ இருப்பார். அவருக்குத் தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. நம்பிச் சேர்த்துவிடுகிறார். எந்திர மொழிபெயர்ப்பை அப்படியே வாரிக் கொட்டிவிட்டுப் போனாலும் பிடிக்க ஆளில்லை. நூற்றுக்கு நூறு தமிழாக்கம் முடிந்தது என்று பச்சைப் பட்டை காட்டும். திறந்து பார்த்தால் தமிழ் தெரிந்தவர் மீண்டும் ஆங்கிலத்துக்கே மாறிவிடும் அளவுக்கு இருக்கும். கேள்வி கேட்காத மெர்ஜ் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் கைபேசியில் இப்படி ஒரு செயலியைத் தமிழுக்கு மாற்றிப் பார்த்தால் போதும்.

எதிர்க்கட்சியின் ஒரு குற்றச்சாட்டில் மட்டும் உண்மை இருக்கிறது, அதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. ரிவியூ என்ற பெயரில் அவமானப்படுத்துவது நடந்திருக்கிறது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பல வருடம் எழுதிய வசவுகளுக்கு 2018 செப்டம்பரில் அவரே வருத்தம் தெரிவித்து, சிறிது காலம் விலகியும் இருந்தார். 2017இல் வெளியான ஆய்வு ஒன்று கிட்ஹப்பில் லட்சக்கணக்கான பி.ஆர்.களை ஆராய்ந்தது. மொத்தத்தில் பெண்கள் அனுப்பியவை ஆண்கள் அனுப்பியவற்றைவிட அதிகமாகவே ஏற்கப்பட்டிருந்தன. ஆனால் திட்டத்துக்குப் புதியவராக இருந்து, பெண் என்று அடையாளமும் தெரிந்தால், ஏற்பு குறைந்தது. இதை மறைக்க முடியாது. அதைவிடப் பரவலான கொடுமை மௌனம். அனுப்பி ஆறு மாதமாகியும் ஒரு வரி பதில் வராமல் கிடக்கும் பி.ஆர். ஒரு பிள்ளையின் மனதை வசவைவிட அதிகமாக உடைக்கும்.

ஆனால் வசவுக்கும் மௌனத்துக்கும் மருந்து படிக்காமல் சேர்ப்பதா? பாரபட்சம் நடப்பது ஆளைப் பார்ப்பதால். நிரலை வரிவரியாகப் பார்க்கும் ரிவியூதான் அதற்கு மாற்று. எதையும் பார்க்காமல் எல்லோரையும் உள்ளே விடுவது மாற்று ஆகாது. பராமரிப்பவரிடம் கேட்க வேண்டியவை வேறு. எதை ஏற்போம், எதை ஏற்கமாட்டோம் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். முடியாது என்றால் காரணத்தோடு முடியாது என்று சொல்லுங்கள், இழுத்தடிக்காதீர்கள். ஆளை விட்டு வரியைப் பற்றிப் பேசுங்கள். தமிழ்த் திட்டமாக இருந்தால் ரிவியூவைத் தமிழிலேயே எழுதுங்கள். எந்த உரிமமும் அதைத் தடுக்கவில்லை. ‘அக்கா, இந்த வரி எதுக்குன்னு புரியல’ என்று தமிழில் திருப்பிக் கேட்க முடிகிற இடத்தில், ஆங்கிலத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளும் பிள்ளையின் மூளை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது புதிதாக ஒரு குரல்: ரிவியூவையே ஏ.ஐ. செய்துவிடும், மனிதர் எதற்கு? கர்ல் என்ற நிரலைப் பல பத்தாண்டுகளாகக் காத்துவரும் டேனியல் ஸ்டென்பெர்க்கைக் கேட்டால் தெரியும். ஏ.ஐ.யிடம் எழுதி வாங்கிய பொய்ப் பிழை அறிக்கைகள் குவிந்து, பிழை கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு கொடுத்துவந்த திட்டத்தையே 2026 ஜனவரியோடு நிறுத்தினார்கள். எழுதும் செலவு பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிட்டால் படிக்கும் செலவு அத்தனையும் ஒரு மனிதர் தலையில் விழுகிறது. சில எளிய பிழைகளை எந்திரம் காட்டிக்கொடுக்கட்டும், நல்லதுதான். கெளுத்தியைக் கெடுக்காமல் கௌரியை எப்படிச் சரிசெய்வது, செய்யத்தான் வேண்டுமா என்று முடிவெடுத்து, அந்த முடிவுக்குப் பெயர் போட்டு நிற்க ஓர் ஆள் வேண்டும். லினக்ஸ் கர்னலில் 2004 முதல் ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் அதை எழுதியவர், கைமாற்றியவர் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கின்றன. கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர்களின் பட்டியல் அது.

இந்தப் பொறுப்பைத் தாங்கும் ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்? வானத்திலிருந்து இல்லை. நன்றாக ரிவியூ செய்யப்பட்டவர்களிடமிருந்துதான் வருவார்கள். ஊர்ப்பெயர் நிரலை எழுதிய அந்த மாணவி இப்போது மற்றவர்கள் அனுப்புவதைப் படிக்கிறார். போன மாதம் ஒரு பையனிடம் ‘ஸ்ரீ’யில் ஸ-வும் வரும், ஶ-வும் வரும், இரண்டையும் சோதித்தாயா தம்பி என்று கேட்டிருந்தார். அது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை.

கணியம் இணைய இதழ் 2012 முதல் தமிழில் திறமூலப் பாடங்களை வெளியிட்டு வருகிறது. விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகவே பயிற்சி கொடுக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் பி.ஆர். அனுப்புவது எப்படி என்ற வகுப்புக்கு முன்னால், மற்றவர் அனுப்பிய பி.ஆரைப் படிப்பது எப்படி என்றொரு வகுப்பு வரட்டும். தமிழாக்கத் தளத்தில் ஒரு செயலியை எடுத்து, புதிதாக ஒரு சொல்லும் சேர்க்காமல், இருக்கிற தமிழில் எது தப்பு, ஏன் தப்பு என்று மட்டும் எழுதச் சொல்லட்டும். கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்களிடம் நான் கேட்பது இன்னும் எளிது. மாணவரின் விவரப் பட்டியலிலிருந்து ‘மெர்ஜ் ஆனவை எத்தனை’ என்ற கட்டத்தை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில், அவர் அதிகத் தடவை திருத்தம் வாங்கிய ஒரே ஒரு பி.ஆரின் முகவரியைக் கேளுங்கள். அது மெர்ஜ் ஆகாமல் போயிருந்தாலும் சரி. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் வடிவத்துக்கும் கடைசி வடிவத்துக்கும் நடுவில் என்ன மாறியது, ஏன் மாறியது என்று மாணவரையே சொல்லச் சொல்லுங்கள்.